நொத்தாரிசு கேட்டதும் நான் சொன்னதும்

ஸ்பெயினில் ஒரு நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டால் விக்கல் எடுத்தவன்கூட எழும்பிப் போய்த் தண்ணீர் குடிக்க முடியாது என்று என் அத்தான் பெருமையாகச் சொல்லுவார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. வீடும் காணியும் கைமாறும்போது உறுதி எழுதி, முத்திரை குத்தி, அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற ஆட்களை நான் யாழ்ப்பாணத்திலேயே கண்டவள். எங்கள் ஊர் நொத்தாரிசு மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டுவார். மற்ற இடமெல்லாம் அவருடைய சொந்த விஷயம் மாதிரி உள்ளங்கையால் மூடியிருக்கும். அவரைப் பார்த்து வளர்ந்தவளுக்கு நொத்தாரிசு என்றால் கோட்டுப் போட்ட ஒரு ரப்பர் முத்திரை. லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் அந்த எண்ணத்தை மாற்றவேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

அத்தான் என் அக்காவின் புருஷன். அப்டன் பார்க்கில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோவில் ஆட்களோடு ஒருமுறை ஸ்பெயினுக்கு யாத்திரை போனார். திரும்பி வரும்போது மற்றவர்கள் செபமாலையும் மாதா சுரூபமும் வாங்கி வந்தார்கள். இவர் கடற்கரைப் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு அறை, ஒரு பால்கனி, நடந்து போனால் பத்து நிமிடத்தில் கடல். அக்காவின் முழங்கால் வலிக்கு லண்டன் குளிர் ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். அக்காவிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வாங்கின கதையை அத்தான் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பார். நொத்தாரிசின் கந்தோரில் விற்கிறவன், வீட்டு ஏஜென்ட், இவர், அக்கா எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்களாம். நொத்தாரிசு இரண்டு பக்கம் வாசித்துவிட்டு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாராம். பார்த்துவிட்டுப் பேனையை மூடி வைத்துவிட்டாராம். இந்த அம்மாவுக்கு நான் வாசிக்கிறது விளங்கவில்லை, விளங்காமல் இந்த அறைக்குள் யாரும் கையெழுத்து வைப்பதில்லை என்றாராம். ஏஜென்ட் தான் இங்கிலிஷில் சொல்லித் தருவதாகச் சொல்ல, வீடு விற்றால் உனக்கு லாபம், நீ மொழிபெயர்க்கக் கூடாது என்று அவனை அடக்கிவிட்டாராம். கடைசியில் அடுத்த ஊரில் கைபேசிக் கடை வைத்திருந்த மன்னார்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அடுத்த நாள் காலையில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்களாம்.

"ஒரு நாள் மெனக்கேடு. உதுக்கு அந்த மனுசனைப் பாராட்டிறியள்," என்றேன் நான்.

"உனக்கு விளங்கேல்லை பிள்ளை," என்றார் அத்தான். "அந்தாள் விக்கிறவனுக்கும் ஆளில்லை, வாங்கிறவனுக்கும் ஆளில்லை. அரசாங்கம் சோதனை வைச்சு எடுத்த ஆள். வருசக் கணக்காப் படிச்சால்தான் அந்தக் கதிரை. உறுதியிலை ஆர் என்ன எழுதினாலும் அது சட்டப்படி சரியோ, கையெழுத்து வைக்கிறவைக்கு விளங்கிச்சோ எண்டு பாக்கிறதுதான் வேலை. மூல உறுதி அவரிட்டையே இருக்கும். எங்களுக்குப் பிரதிதான். அவர் பேப்பருக்கு ஆள்."

"பேப்பருக்கு ஆள் எண்டால் கறையான்தான் அத்தான்," என்றேன். அவர் சிரித்தார். என் பகிடிகளுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

அந்த உறுதியில் இன்னொரு கூத்தும் இருந்தது. அக்காவின் பாஸ்போட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. ஸ்பானியர்கள் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே அந்த வீட்டின் ஒரு பாதி அத்தானுக்கு, மறுபாதி கடலில் கால் நனைக்கவே பயந்த எங்கள் அப்பாவின் பெயரைச் சுமந்த ஒருத்திக்கு. இதையும் நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

அத்தான் ஒவ்வொரு தடவையும் கதையை ஒரே இடத்தில்தான் முடிப்பார். மன்னார்க்காரர் வரிக்கு வரி தமிழில் சொல்ல, அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வாசித்து முடித்து நொத்தாரிசு பேனையை நீட்டியபோது, "கீழை இருக்கிற சாமான் அறையைப் பற்றி ஒண்டும் வாசிக்கேல்லையே," என்றாளாம். விற்கிறவன் காட்டும்போது அந்த அறையையும் சேர்த்துத்தான் காட்டியிருந்தான். உறுதியில் அது இல்லை. நொத்தாரிசு விற்கிறவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே அதைச் சேர்த்து எழுத வைத்தாராம். அத்தான் இந்த இடத்தில் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், அல்லது கேத்திலை வைப்பாள். நான் அதை நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். அறையைக் காட்டும்போது அதன் திறப்பை, அந்தச் சாவியை, விற்கிறவன் அவளுடைய கையில் கொடுத்திருப்பான், அதனால் ஞாபகம் வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் என் அக்கா.

இரண்டு மூன்று வருடம் கழித்து அத்தான் அதே நொத்தாரிசிடம் மரண சாசனம் எழுதப் போனார். தன் பாதியை ஒரே மகனுக்கு எழுதிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனது. அந்த மனிதர் அங்கும் விடவில்லை. சரி, மகனுக்கு எழுதுகிறேன், நீங்கள் போன பிறகு இந்த அம்மா எங்கே இருப்பா என்று கேட்டாராம். மகன் பார்ப்பான் என்றாராம் அத்தான். மகன் பார்ப்பான் என்பது எழுத்தில் இல்லையே என்றாராம் அவர். அப்படித்தான் அக்கா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்கு என்று ஒரு வரி சேர்ந்தது. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிற ஜாதி என்று நான் அப்போதும் அந்த ஸ்பானியரைத் திட்டினேன்.

இனி என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் கவுன்சிலில் வேலை செய்கிறேன். வீடு கேட்டு வருகிறவர்களின் படிவங்களைப் பார்க்கிற மேசை. அதனாலோ என்னவோ எங்கள் கோவில் பங்கில் யாருக்கு இங்கிலிஷ் கடிதம் வந்தாலும், ஆஸ்பத்திரிக்கு அழைத்தாலும், உதவிப் பணம் கொடுக்கிற பெனிபிட் கந்தோரில் விசாரித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போவேன். போய் அவர்களை மனதுக்குள் ஏளனம் செய்துகொண்டே மொழிபெயர்ப்பேன். இருபத்தைந்து வருடம் ஒரு நாட்டில் இருந்துவிட்டு "யெஸ், யெஸ், தாங்க் யூ" என்ற மூன்று சொல்லோடு காலம் தள்ளுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. டாக்டர் பத்து நிமிடம் பேசினால் நான் பத்து வினாடியில் சொல்லி முடிப்பேன். "பயப்பட ஒண்டுமில்லையாம், குளிசையை ஒழுங்காப் போடட்டாம்." அதுவே போதும் என்று அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். என்னைப்போல் விஷயத்தைப் பிழிந்து சாறாகக் கொடுக்க இந்தப் பங்கில் ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வம். சாறைப் பிழிந்தபோது கீழே போட்டதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அத்தான் அந்தக் கடற்கரை ஊரிலேயே இறந்தார். தை மாதம், பால்கனியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது. அங்கேயே அடக்கம் செய்யவேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அந்த ஊர்க் கல்லறையில் மண்ணில் புதைப்பது குறைவு. சுவரில் வரிசை வரிசையாக அறைகள் கட்டி, பெட்டியை உள்ளே வைத்துக் கல்லால் மூடிவிடுகிறார்கள். அத்தானுக்கு இரண்டாம் வரிசை, அக்காவின் தோள் உயரம். அக்கா அங்கே தங்கிய நாட்களில் பின்னேரம் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துணியும் எடுத்துக்கொண்டு நடந்து போய் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டு வருவாள். கால் வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இலையுதிர் காலம் வந்தால் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவது, நவம்பரில், எங்கள் கணக்கில் கார்த்திகையில், இறந்தோர் நாளுக்குக் கல்லில் பூ வைப்பது, இதுதான் அவளுடைய மிச்ச வாழ்க்கையின் திட்டம். அதற்கு அந்த வீடு வேண்டும். அவ்வளவு சின்ன ஆசை.

மருமகன், அதாவது அக்காவின் மகன், வங்கி ஒன்றில் வேலை. நல்ல பிள்ளை. ஞாயிறு பூசைக்குத் தாயைக் காரில் கூட்டிப் போய் இறக்கிவிடுவான். அத்தான் போன பிறகு ஸ்பெயினில் செய்யவேண்டிய வேலைகளுக்கெல்லாம் அம்மா அலையவேண்டாம், தனக்கு ஒரு அதிகாரப் பத்திரம் தந்தால் தானே போய்ச் செய்வேன் என்றான். அங்குள்ள ஒரு வழக்கறிஞர் எழுதி அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் ஸ்பானிஷ், பக்கத்தில் இங்கிலிஷ், மொத்தம் பதினொரு தாள். அது ஸ்பெயினில் செல்லுபடியாக வேண்டுமென்றால் லண்டனில் ஒரு நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, பிறகு அரசாங்கத்தின் சான்று ஒட்ட வேண்டும். லண்டனில் நொத்தாரிசு என்று ஒரு இனம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கே போனாலும் இந்தக் கறையான் விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் மூவரும் போனோம். நகரத்தின் நடுவில், கோப்பிக் கடை ஒன்றின் மேல்மாடி. நொத்தாரிசு மெலிந்த வெள்ளைக்காரர், அறுபது வயதிருக்கும், ஸ்பானிஷ் தண்ணீர் பட்ட பாடு. பாஸ்போட்டுகளைப் பார்த்தார். பிறகு மருமகனை வெளியே போய் இருக்கச் சொன்னார். அவன் சிரித்தபடி எழுந்து போனான். எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. தாயையும் மகனையும் பிரித்து வைத்து விசாரிக்க இது என்ன பொலிஸ் ஸ்டேஷனா?

அவர் அக்காவிடம் மெதுவான இங்கிலிஷில் இரண்டு கேள்வி கேட்டார். அக்கா இரண்டுக்கும் "யெஸ், யெஸ், தாங்க் யூ" என்றாள். அவர் பேனையை மேசையில் வைத்தார். இதற்கு வேறு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், குடும்பத்துக்கு வெளியே இருக்கிற ஒருவர் நல்லது, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோமா என்று என்னிடம் கேட்டார். அத்தான் சொன்ன ஸ்பானியரின் தம்பியே வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எனக்கு மத்தியானம் ஷிப்ட். நான் கவுன்சில் அடையாள அட்டையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன், ஆஸ்பத்திரியிலும் செய்கிறேன், இந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சரி என்று, நான் உண்மையாகவும் முழுமையாகவும் மொழிபெயர்க்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். நான் அதை வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன்.

அவர் பத்திரத்தைப் பந்தி பந்தியாக விளக்கினார். மின்சாரம், வரி, வங்கி, மரண சாசனப்படி செய்யவேண்டிய பதிவுகள். நான் அவற்றை ஒரு வசனத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் பந்தியில் அவர் நின்றார். அதற்கு மட்டும் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். இந்தப் பந்தியின்படி உங்கள் மகன் உங்களுடைய பாதி வீட்டைத் தனக்கே எழுதிக்கொள்ளலாம் என்றார். உயிரோடு இருக்கும்வரை நீங்கள் அங்கே இருக்கும் உரிமையையும் உங்கள் பெயரில் அவரே கைவிடலாம் என்றார். உங்களிடம் மறுபடி கேட்கவேண்டியதில்லை, ஸ்பெயினில் உள்ள நொத்தாரிசு இந்தப் பத்திரத்தில் அதிகாரம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார், நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள், ஆகவே உங்களைக் கேட்கக்கூடிய கடைசி ஆள் நான்தான் என்றார். இந்தப் பந்தி வேண்டாமென்றால் இதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதில் கையெழுத்து வைக்கலாம், வழமையான வேலைகளுக்கு அது தாராளம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, மகனை அந்த அளவுக்கு நம்புகிறீர்களா என்று அவளைக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. அதை மறைக்கப் போவதில்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் பெற்ற தாயிடம், மகனை நம்புகிறாயா என்று ஒரு வெள்ளைக்காரனின் வாயாக நான் கேட்பதா? கதவுக்கு வெளியே அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது? எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை, கேட்டவன் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதித்ததுமில்லை. அதோடு, ஒன்பதாம் பந்தியும் இருக்கும் உரிமையும் அக்காவுக்கு எங்கே ஏறப்போகிறது என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியாது.

"அக்கா, மகன் எல்லாத்தையும் பாப்பான்," என்றேன்.

நாலு சொல். அக்கா தலையாட்டினாள்.

நொத்தாரிசு என்னைப் பார்த்தார். நான் சொன்னது நீளம், நீங்கள் சொன்னது கட்டை என்றார். தமிழ் சுருக்கமான மொழி என்றேன். இதைவிடப் பெரிய பொய்யை எந்தத் தமிழரும் சொல்லியிருக்க முடியாது. எங்கள் கலியாண வீட்டு வாழ்த்துரைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

அவர் விடவில்லை. இரண்டாம் முறையும் அதே பந்தியைச் சொல்லிக் கேட்கச் சொன்னார். "கையெழுத்து வைக்கச் சம்மதமோ எண்டு கேக்கிறார்," என்றேன். "ஓம்," என்றாள். மூன்றாம் முறை, இந்தப் பத்திரம் என்ன செய்கிறது என்று அவளுடைய சொந்தச் சொல்லில் அவளையே சொல்லச் சொன்னார்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "அவர் போனாப் பிறகு அங்கத்தைய அலுவலெல்லாம் பிள்ளை போய்ப் பாப்பான். நான் அலையத் தேவையில்லை. கார்த்திகைக்குப் போய் என்ரை வீட்டிலை இருக்கலாம். அவ்வளவுதானே?"

நொத்தாரிசு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைத் தன் விருப்பப்படி கையாள மகனுக்கு முழு அதிகாரம் கொடுப்பதாக அவளுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது என்று இங்கிலிஷில் சொன்னேன். அவர் ஏதோ எழுதினார். பிறகு பேனையைத் திருப்பி அக்காவிடம் நீட்டினார். படியிறங்கும்போது, முத்திரைக்காரனுக்கு இவ்வளவு பந்தா என்று நான் சொல்ல மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

புரட்டாதி மாதக் கடைசியில் அக்கா பெட்டி அடுக்கத் தொடங்கினாள். தேயிலை, மிளகாய்த்தூள், கல்லைத் துடைக்க அத்தான் கட்டின பழைய சாரம் ஒன்றைக் கிழித்து நாலு துண்டு. ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் மூவரும் அவளுடைய வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மருமகன் சொன்னான். "அம்மா, டிக்கெட் போடாதேங்கோ. வீட்டை வித்தாச்சு."

அக்கா அவனை விளங்காமல் பார்த்தாள். அவன் என்னிடம் திரும்பினான். "சின்னம்மா, நீங்களே சொல்லுங்கோ. எல்லாம் லீகல். பவர் ஓப் அட்டர்னியிலை இருந்ததைத்தான் செய்தனான். அங்கத்தைய நொத்தாரிசு ஒவ்வொரு வரியா வாசிச்சு, கிளீன் டொக்யுமென்ட் எண்டு சொன்னவர். இந்த வயசிலை அம்மா தனியப் போய் விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது? நாங்கள் பெரிய வீடு வாங்கிறம், கீழை அம்மாவுக்கு ஒரு ரூம் இருக்கு."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்திருந்தால் செருப்பால் அடித்திருக்கலாம். தாய்க்கு நல்லது எது என்று தாயைக் கேட்காமலே தெரிந்துகொள்கிற பிள்ளை அவன். தகப்பனும் அப்படித்தான். சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்கா அழவில்லை. "அப்ப அவர்?" என்று மட்டும் கேட்டாள். யாரைச் சொல்கிறாள் என்று மருமகனுக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு, ஹோட்டலில் இரண்டு நாள் தங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றான். அக்கா எழும்பிப் போய்ப் பெட்டியிலிருந்த தேயிலையை எடுத்து அலுமாரியில் வைத்தாள்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த நொத்தாரிசிடம் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். படியேறும்போதே வசனங்களை அடுக்கிக்கொண்டு போனேன். அப்பாவிப் பெண்ணை ஏமாற்ற உதவினீர்கள், இதுதான் உங்கள் தொழிலா, இதற்கா இத்தனை கேள்வி? அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கோப்பை எடுத்துத் திறந்தார். வந்த நேரம், போன நேரம், மகன் வெளியே இருந்தது, ஒன்பதாம் பந்தியை மூன்று முறை விளக்கியது, மூன்று முறையும் மொழிபெயர்ப்பாளர் சொன்ன பதில், எல்லாம் அவருடைய சின்ன எழுத்தில் இருந்தது. அதற்கு அடியில் இருந்த தாளில் என் கையெழுத்து. வாசிக்காமல் வைத்த அதே கையெழுத்து, நல்ல வடிவாக, வாலைச் சுழித்து.

"உங்கள் சகோதரி அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னா?" என்று கேட்டார்.

அவருடைய முகத்தில் ஏளனம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏளனத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அந்த மனிதர் பேனையைக் கையில் எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். கார்த்திகைக்குப் போய் என் வீட்டில் இருக்கலாம், அவ்வளவுதானே என்று கேட்டாள் என்றேன்.

அவர் கோப்பை மூடி வைத்தார். பிறகு, உங்களை நம்பியிருக்கக் கூடாது, அது என் பிழை என்றார். அதை அவர் வாயிலிருந்து கேட்கத்தான் நான் படியேறி வந்தது. கேட்டதும் என் தேகமெல்லாம் கூசியது. பத்திரத்தை இன்றைக்கே ரத்துச் செய்யலாம், ஆனால் அதை வைத்து ஏற்கனவே செய்து முடித்ததை அது அழிக்காது என்றார். வீட்டை வாங்கினவர்கள் பதிவை நம்பி வாங்கினவர்கள், அதைத் திருப்பி எடுப்பது அநேகமாக நடக்காது. மகன் மேல் வழக்குப் போடலாம் என்றால் முதல் வேலை நான் பொய்யாக மொழிபெயர்த்தேன் என்று எழுதித் தருவது. அது என் வேலைக்கும் ஆபத்தாகலாம் என்பதையும் சொன்னார். எதையும் சொல்லாமல் விட அவருக்குத் தெரியாது. "அதை எழுதுவதா இல்லையா என்று பிறகு யோசியுங்கள். முதலில் உங்கள் சகோதரிக்குச் சொல்லுங்கள்," என்றார். எழும்பி எனக்குக் கதவையும் திறந்துவிட்டார்.

முப்பது வருடமாக ரப்பர் முத்திரை என்று நினைத்த ஒரு தொழிலில் இருந்த இரண்டு பேர், ஒருவர் அந்த நாட்டில், ஒருவர் இந்த நாட்டில், என் அக்காவை ஒரு மனுஷியாக எண்ணி உனக்கு விளங்கியதா என்று கேட்டிருக்கிறார்கள். கூடப் பிறந்த நான் கேட்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் மேய்ந்துவிட்டு, காவல்காரனைப் பார்த்துப் பகிடியும் விட்டவள்.

நேரே அப்டன் பார்க்குக்குப் போனேன். அக்கா மேசையடியில் உட்கார்ந்து பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். நான் கோட்டைக் கழற்றவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றபோது அவளே கேட்டாள்.

"அண்டைக்கு அந்த வெள்ளைக்காரன் அவ்வளவு நேரம் என்ன கேட்டவர்?"

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். ஒன்பதாம் பந்தியை முதலிலிருந்து சொன்னேன். பாதி வீட்டை மகன் தனக்கே எழுதலாம் என்றதை. இருக்கும் உரிமையை அவள் பெயரில் அவனே கைவிடலாம் என்றதை. அங்குள்ள நொத்தாரிசு அவளைக் கேட்கமாட்டார், கேட்கிற கடைசி ஆள் தான்தான் என்று அவர் சொன்னதை. மகனை நம்புகிறாயா என்று கேட்டதை. அவள் சொன்னதை நான் இங்கிலிஷில் எப்படி மாற்றினேன் என்பதையும் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அது.

அக்கா பயத்தங்காயை முறித்துக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு கொஞ்சம் யோசித்தாள்.

"அந்தப் பந்தியை மட்டும் வெட்டிப்போட்டு மற்றதுக்குக் கையெழுத்து வைக்கலாம் எண்டவரோ?"

"ஓம் அக்கா."

"அப்பிடியெண்டால் அலுவலும் நடந்திருக்கும், வீடும் இருந்திருக்கும்."

"ஓம்."

அவள் கையில் இருந்த காயைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போல் கேட்டாள்.

"உது எனக்கு விளங்காதெண்டே நினைச்சனீ?"

ஓம் என்றேன்.